மறுமொழி: தொலைபேசி ‘ஹைப்ரிட்’ கருவிக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வீட்டுத் தொலைபேசி இணைப்பைப் பல ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் மிக்சருடனோ ஒலிப்பதிவுக் கருவியுடனோ சேர்க்கும் ‘ஹைப்ரிட்’ என்னும் கருவிக்கு, நண்பர் முந்தைய மடலில் ‘தொலைபேசிக் கலப்பி’ என்று முன்மொழிந்திருந்தார். சொல் எளிதுதான்; ஆனால் அக்கருவி செய்யும் வேலைக்கு நேர்மாறான பொருளைத் தருவதால் அதை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

தொலைபேசி இணைப்பில் உள்ளவை இரண்டே கம்பிகள். நம் குரலும் மறுமுனையில் இருப்பவர் குரலும் ஒரே நேரத்தில் அவற்றிலேயே போய் வருகின்றன. அதை அப்படியே மிக்சருக்குக் கொடுத்தால், வானொலி நிகழ்ச்சி நடத்துபவரின் குரல் ஒலிவாங்கி வழியே முழுமையாகவும், தொலைபேசி வழியே 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை குறுகியும் இருமுறை வந்து சேர்ந்து, பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். இதைத் தவிர்க்கவே இக்கருவி, நாம் அனுப்பிய குரலைக் கழித்துவிட்டு, வருகின்ற குரலை மட்டும் தனியே எடுத்துத் தருகிறது. கலக்கும் வேலை பக்கத்திலுள்ள மிக்சருடையது. அதையும் நம்மில் சிலர் ‘ஒலிக்கலப்பி’ என்று எழுதுவதால், ஒரே மேசையில் இரண்டு கலப்பிகள் இருந்து படிப்பவரைக் குழப்பும். எனவே போவதைச் ‘செல்குரல்’ என்றும், வருவதை ‘வருகுரல்’ என்றும் கொண்டு, கருவியை ‘வருகுரல் பிரிப்பி’ என்று அழைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

இரண்டாவதாக, பேச்சைப் பதிவு செய்வதற்கு மட்டும் பயன்படும் எளிய பெட்டியை இதே பெயரால் சுட்டக் கூடாது. அதில் 600 ஓம் மின்மாற்றி ஒன்றும் மின்தேக்கி ஒன்றும் இருக்கும்; திசை பிரிக்கும் ஏற்பாடு இருக்காது. ரிசீவர் வைக்கப்பட்டிருக்கும்போது கம்பியில் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னோட்ட (DC) அழுத்தமும், மணி அடிக்கும்போது அதன்மேல் 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்னோட்ட (AC) அழுத்தமும் இருப்பதால், நேரடியாகச் செருகினால் ஒலிக்கருவி பழுதாகலாம். அந்த ஆபத்திலிருந்து காத்துக் குரலை மட்டும் கடத்துவதால் ‘காப்பிணைப்பி’ என்பது இதற்குப் பொருந்தும். (1968இல் அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் அனுமதித்த கார்ட்டர்போன் என்னும், இருவழி வானொலியைத் தொலைபேசியுடன் சேர்க்கும் கருவி, ரிசீவரைத் தன் தாங்கியில் ஏந்திக்கொண்டதேயன்றிக் கம்பியைத் தொடவில்லை. அவ்வகையைத் ‘தொடாவிணைப்பி’ எனலாம்.)

எஞ்சியிருப்பது, பிரிப்பிக்குள் இருக்கும் ‘பேலன்ஸ் நெட்வொர்க்’. ‘சமன்சுற்று’ என்பதை விட ‘நிகர்ச்சுற்று’ என்பதையே நான் விரும்புகிறேன். ஏனெனில் வெளியே உள்ள இணைப்பின் மின்தன்மையை உள்ளே போலச்செய்வதுதான் அதன் பணி. கம்பியின் நீளத்திற்கேற்ப அத்தன்மை இடத்துக்கிடம் மாறும் என்பதால்தான், ஹெட்போனில் தன் குரல் மிகவும் தேய்ந்து கேட்கும் வரை இயக்குபவர் சிறு திருகைத் திருப்ப வேண்டியிருக்கிறது. “நிகர்ச்சுற்றைச் சரிசெய்து செல்குரலைக் குறையுங்கள்” என்ற தொடர் பணியிடத்தில் இயல்பாக ஒலிக்குமா என்பதை, வானொலி நிலையங்களில் பணிபுரியும் நண்பர்கள் இவ்விழையிலேயே தெரிவிக்க வேண்டுகிறேன்.