பூவாறிலிருந்து கொல்லம் வரை படகைக் கடல் வழியே கொண்டுபோகலாமா?

கோதையாற்றுக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் குழித்துறைப் பக்கம். வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது, பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில். பூவாறில் சுற்றுலாவுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் படகை வாங்கியிருக்கிறோம். 30 அடி நீளம், 9 அடி அகலம், தட்டையான அடிப்பாகம், டீசல் எஞ்சின். கூரைக்குக் கீழே ஒரு படுக்கை அறை, சின்ன அடுக்களை, கழிப்பறை. வருடத்தில் ஆறு மாதம் அதிலேயே குடியிருப்பது, கொல்லத்தில் தொடங்கி ஆலப்புழை, கொச்சி, கோட்டப்புறம் வரை அவசரமில்லாமல் போய்த் திரும்புவது என்று ஆசை. எனக்கும்தான், அவருக்கு மட்டும் இல்லை.

படகு பூவாறில் கிடக்கிறது. கரையை ஒட்டியே கடலில் போய்விடலாம், விழிஞ்ஞத்தில் ஒரு ராத்திரி, முதலப்பொழியில் ஒரு ராத்திரி, மூன்றாம் நாள் நீண்டகரை வழியாக அஷ்டமுடிக் காயலுக்குள் நுழைந்துவிடலாம் என்கிறார் அவர். இரண்டு மாதமாக வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான் ஆற்றங்கரையில் பிறந்தவள், தண்ணீர் எனக்குப் புதிதில்லை, ஆனால் கடல் என்றதும் வயிற்றைப் பிசைகிறது. என் மாமியார் சின்ன வயதில் ஏவிஎம் கால்வாயில் வள்ளத்தில் தேங்காய் ஏற்றிப் போவதைப் பார்த்ததாகச் சொல்வார். அந்த மாதிரி உள்வழி ஏதாவது இப்போது இருக்கிறதா? கடலில் போனவர்கள், படகிலேயே குடியிருப்பவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

தூத்தூர்க் கடல் எழுதியது:

அக்கா, நான் கடல் தொழில்காரன். பதினாறு வயதில் அப்பாவோடு வள்ளத்தில் ஏறினேன், இப்போது விசைப்படகு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் படகைக் கடலுக்குள் இறக்காதீர்கள்.

பூவாறு பொழியில், அதாவது ஆறு கடலில் சேருகிற வாயில் இருந்து நீண்டகரைக்குக் கடல் வழி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். தூரம் பெரிய விஷயமில்லை, எங்கள் ஆட்கள் எவ்வளவோ தூரம் போகிறார்கள். பொழியைப் பாருங்கள். மழைக்காலத்தில் நெய்யாற்று வெள்ளம் தள்ளும்போது பொழி உடைந்து திறக்கும், வெயில் காலத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து மூடிவிடும். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் வாசல் அடைத்திருக்கும், வாசல் திறந்திருக்கும்போது வெளியே மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக் கடல் எழும்பி நிற்கும். அண்ணன் எப்போது வெளியே வருவார்?

சரி, வெளியே வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் படகுக்கு அடியில் நீளவாக்கில் ஓடுகிற ஏராக்கட்டை இல்லை, மேலே கூரை உயரம். பக்கவாட்டில் அலை வந்தால் பிடித்து நிறுத்த அடியில் ஒன்றும் இல்லை, காற்றோ கூரையைப் பிடித்துத் தள்ளும். விழிஞ்ஞத்தில் மீன்பிடித் துறைமுகம் ஒதுங்க நல்ல இடம்தான், ஆனால் பக்கத்திலேயே 2024-லிருந்து பெரிய கண்டெய்னர் கப்பல்கள் வந்துபோகிற துறைமுகம், தெரியாதவர் அங்கே கண்டபடி திரிய முடியாது. முதலப்பொழியில் ராத்திரி தங்குவது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். அந்த வாயில் மணல் தூர்ந்து அலை குறுக்கே உடையும். பிறந்ததிலிருந்து அந்தக் கடலிலேயே தொழில் செய்தவர்கள் பலர் அங்கே கவிழ்ந்து செத்திருக்கிறார்கள். எங்கள் தேங்காப்பட்டணம் துறைமுக வாயும் அப்படித்தான்.

வாயில் ஏன் அலை எழுகிறது என்று அண்ணனுக்குச் சொல்லுங்கள். வற்றுகிற நேரத்தில் உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே ஓடும், கடல் அலை உள்ளே வரும், இரண்டும் ஆழமில்லாத மணல் மேல் முட்டும்போது அலை செங்குத்தாக எழுந்து நிற்கும். பத்து நிமிடம் முன்னால் ஒன்றுமே இல்லாமல் இருந்த இடம். உள்ளே நுழையும்போது பெரிய அலையின் முதுகுக்குப் பின்னாலேயே வர வேண்டும், அதை முந்தினால் அணியம் (முன்பக்கம்) குத்தி, அமரம் (பின்பக்கம்) தூக்கி, படகு குறுக்கே திரும்பிவிடும். இதைக் கையும் கண்ணும் சேர்ந்து பழக வருடக்கணக்கு ஆகும்.

இன்னொன்று. சித்திரை வைகாசியில் காற்றே இல்லாமல் கடல் திடீரென்று ஏறும், கள்ளக்கடல் என்போம். எங்கோ தெற்குப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாள்கணக்காக ஓடி இங்கே வந்து சேருவது. ஹைதராபாத்தில் இருந்து கடல் நிலவரம் சொல்கிற இன்காய்ஸ் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, கடற்கரையோரம் எங்கே இருந்தாலும் அதைப் பார்க்கிற பழக்கம் வேண்டும். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் வந்த அன்று எங்கள் ஊர்களில் ஒவ்வொரு தெருவிலும் யாராவது கடலில் இருந்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது. படகை லாரியில் ஏற்றுங்கள்.

பாறசாலை வாசகன் எழுதியது:

உள்வழி பற்றிக் கேட்டிருந்தார்கள். ஏவிஎம் என்பது அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் 1860-ல் வெட்டத் தொடங்கியது. பூவாறு, நீரோடி, தேங்காப்பட்டணம், குளச்சல் என்று கரையோரமாகவே கன்னியாகுமரி வரை கொண்டுபோக நினைத்தார்கள், முழுசாக முடியவில்லை. வெட்டிய பகுதியும் இப்போது பல இடத்தில் தூர்ந்து, ஆக்கிரமித்து, வீட்டுச் சாக்கடை விழுகிற ஓடையாகக் கிடக்கிறது. நடந்து பார்த்தால் அழுகை வரும். மேலும் அது பூவாறுக்குத் தெற்கே, நீங்கள் போவது வடக்கே.

வடக்குப் பக்கம் திருவனந்தபுரத்தில் பார்வதி புத்தனாறு தொடங்கி, கடினங்குளம் காயல், அஞ்சுதெங்கு, வர்க்கலைக் குன்றுக்கு அடியில் இரண்டு சுரங்கங்கள், பரவூர்க் காயல், கொல்லம் தோடு (கால்வாய்) என்று பழைய நீர்வழி உண்டு. கோவளத்திலிருந்து பேக்கல் வரை இதைத் திறக்க வேலை நடக்கிறது. பூவாறுக்கும் கோவளத்துக்கும் நடுவே இணைப்பே கிடையாது, அதனால் உங்களுக்கு அந்த வழியும் இல்லை.

காயல் குடித்தனம் எழுதியது:

அக்கா, நானும் என் மனைவியும் நான்காவது வருடமாகக் காயலில் இருக்கிறோம். சொந்த ஊர் செங்கோட்டை, இப்போது அஷ்டமுடி. எங்கள் படகு உங்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிது. தூத்தூர்த் தம்பி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்களும் படகை லாரியில்தான் கொண்டுவந்தோம், இரண்டு முனையிலும் கிரேன், நடுவே தேசிய நெடுஞ்சாலை. ஒரே பகலில் முடிந்துவிட்டது. கூரையைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், சாலைக்கு மேலே தொங்குகிற கம்பிகளுக்கு அது நல்லது. உங்கள் படகின் பதிவும் காப்பீடும் உள்நாட்டு நீர்வழிக்கு மட்டும்தானா என்று தாளை எடுத்துப் பாருங்கள். பூவாறு சுற்றுலாப் படகு என்றால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், கடலில் ஏதாவது ஆனால் ஒருவரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

இனி உங்கள் ஆசைக்கு வருகிறேன். அது நல்ல ஆசை, விடாதீர்கள். கொல்லம் முதல் கோட்டப்புறம் வரை 168 கிலோமீட்டர், 1993-ல் மூன்றாம் தேசிய நீர்வழி என்று அறிவித்தது. மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் மொத்தமே 21 மணி நேர ஓட்டம்தான். நாங்கள் அதற்கு இரண்டரை மாதம் எடுத்துக்கொள்கிறோம். காலை ஆறிலிருந்து பத்து வரை ஓடுவோம், அப்புறம் கட்டிவிடுவோம். மதியத்துக்கு மேல் காற்று ஏறும், வேம்பநாட்டுக் காயலில் தண்ணீர்முக்கத்துக்கு வடக்கே அகலமான இடத்தில் அந்தக் காற்றுக்குத் தட்டை அடிப் படகு நல்லாவே ஆடும். அது காயல்தானே என்று நினைக்க வேண்டாம்.

ராத்திரி ஓடவே கூடாது. அஷ்டமுடியிலும் காயங்குளத்திலும் கம்பம் நட்டு ஊன்றிவலை கட்டியிருப்பார்கள், எல்லாக் கம்பத்திலும் விளக்கு இருக்காது. முதல் வருடம் நாங்கள் பொழுது சாய்ந்தபிறகு ஒரு கிலோமீட்டர் மட்டும் நகர்ந்தோம், வலை படகைத் தள்ளுகிற விசிறியில் சுற்றி எஞ்சின் நின்றது. நான் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நிற்க, மனைவி மேலே இருந்து டார்ச் பிடித்தாள். மீன் வெட்டுகிற பிச்சாத்தியால் நைலான் நூலை ஒவ்வொரு சுற்றாக அறுத்தோம், ஒன்றரை மணி நேரம். எங்களை உறுத்தியது எங்கள் சிரமம் இல்லை, அந்த வலை யாரோ ஒருவருடைய சோறு. விடிந்ததும் ஆளைத் தேடிப் போய்ப் பணம் கொடுத்தோம். அந்தக் குடும்பத்தோடு இன்றுவரை போக்குவரத்து இருக்கிறது.

தண்ணீர்முக்கம் தடுப்பணை பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். குட்டநாட்டு வயல்கள் கடல்மட்டத்துக்குக் கீழே, உப்பு ஏறாமல் இருக்க டிசம்பர் நடுவில் ஷட்டரை இறக்கி, மார்ச் நடுவில் தூக்குவது வழக்கம், சில வருடம் தள்ளிப்போகும். மூடியிருக்கும்போது படகுகள் லாக் வழியாகப் போக வேண்டும். ஒரு கதவு வழியாக உள்ளே போனதும் அதை அடைப்பார்கள், தண்ணீர் சமமானதும் எதிர்க்கதவு திறக்கும். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள், தண்ணீர் ஏற இறங்க நீங்களும் கயிற்றைக் கையில் வைத்து விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். ஷட்டர் மூடிய மாதங்களில் தெற்குப் பக்கம் உப்பு இல்லாததால் ஆகாயத்தாமரை பாய் விரித்த மாதிரி மூடிக்கொள்ளும். எஞ்சினுக்குத் தண்ணீர் இழுக்கிற குழாயின் சல்லடையில் அதன் வேர் அடைத்துவிடும். சூடு காட்டுகிற முள் கொஞ்சம் நகர்ந்தாலே எஞ்சினை நிறுத்திச் சல்லடையைத் திறந்து பாருங்கள், கறுப்பு மயிர் மாதிரி ஒரு பிடி வரும். நாங்கள் அந்தப் பகுதியில் அரை மணிக்கு ஒருதரம் பார்ப்போம்.

இன்னொரு முக்கியமான விஷயம் பாலம். கூரையின் உயரத்தைத் தண்ணீர் மட்டத்திலிருந்து அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் பெயிண்டில் எழுதி வையுங்கள். போகும்போது தாராளமாகப் போன பாலத்துக்கு அடியில், மலையில் இரண்டு நாள் மழை பெய்தபிறகு திரும்ப முடியாது. ஒருமுறை ஆலப்புழைக்குப் பக்கத்துக் கிளைத்தோட்டில் ஐந்து நாள் அப்படி நின்றோம். அதனால்தான் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னாலேயே படகைக் கட்டிப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறோம். கார்த்திகையில் திரும்புவோம்.

குடிதண்ணீர். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் கிடையாது, குட்டநாட்டுக்காரர்களுக்கே அதுதான் கதி. 20 லிட்டர் கேன் ஐந்து வைத்திருக்கிறோம், இரண்டு காலியானதும் அடுத்த கடவில் (படகுத்துறையில்) நிரப்புவோம். கடைசி ஒன்று வரும்வரை காத்திருக்க மாட்டோம். காலில் காயம் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள், அந்தப் பக்கம் எலிக்காய்ச்சல் உண்டு, காய்ச்சல் என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போய் "காயல் தண்ணீரில் இறங்கினேன்" என்று சொல்ல வேண்டும். கழிப்பறைத் தொட்டியைத் திறந்து காயலில் விடாதீர்கள், அதே தண்ணீரில்தான் கரையில் இருக்கிறவர்கள் பாத்திரம் கழுவுகிறார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறார்கள்.

கடைசியாக உங்களுக்கு மட்டும். அண்ணன் வரைபடம் பார்க்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நீங்களும் பாருங்கள், நீங்களும் ஓட்டுங்கள். இரண்டாவது வருடம் காயங்குளத்துக்கு வடக்கே எனக்குத் தலைசுற்றி வாந்தி வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். திருக்குன்னப்புழைக் கடவு வரை மனைவிதான் ஓட்டிப் படகை அணைத்துக் கட்டினாள், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அதற்கு முந்தின வருடம் அவளுக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொடுக்கும்போது நான் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தேன், அதில் அவளுக்குக் கை நடுங்கியது. ஒருநாள் என்னைக் கரையில் இறக்கிவிட்டுத் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தாள், அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாள்.

கோதையாற்றுக்கரை எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பொழி விஷயம் வந்ததும் "அதை நான் யோசிக்கவில்லையே" என்றார், முதலப்பொழி வந்ததும் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டார். லாரிதான். கார்த்திகை பிறந்ததும் ஏற்றுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பூவாறுக்குப் போயிருந்தோம். அவரைக் கரையில் தென்னை மூட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, படகை விற்ற அண்ணன் கூட நிற்க, நானே எஞ்சினைப் போட்டுத் தீவைச் சுற்றி வந்தேன். சக்கரத்தைத் திருப்பினால் படகு உடனே திரும்புவதில்லை, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது, அதற்குள் நான் இன்னும் திருப்பிவிடுகிறேன். மூன்றாவது சுற்றில் கொஞ்சம் பிடிபட்டது. கட்டும்போது மட்டும் கடவில் இடித்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். காயலில் நங்கூரம் போட எவ்வளவு கயிறு விட வேண்டும்? படகோடு வந்தது 20 அடிதான் இருக்கிறது.

தூத்தூர்க் கடல் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் அக்கா. இடித்தது பரவாயில்லை, பழைய டயர் இரண்டு பக்கமும் மும்மூன்று தொங்கவிடுங்கள்.

20 அடி போதவே போதாது. ஆழத்தைப் போல ஐந்து மடங்கு விடுங்கள், எட்டடி ஆழம் என்றால் நாற்பது, காற்று இருந்தால் ஐம்பது அறுபது. கயிறு நேராகக் கீழே போனால் நங்கூரம் சேற்றைப் பிடிக்காது, தரையோடு படுத்து இழுத்தால்தான் பிடிக்கும். நங்கூரத்தை ஒட்டி ஒரு ஆள் நீளத்துக்குச் சங்கிலி போடுங்கள். போட்டதும் எஞ்சினைப் பின்னால் கொடுத்து இழுத்துப் பாருங்கள், கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு வீட்டையும் குறித்துக்கொண்டு கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இரண்டும் அதே நேரில் இருந்தால் நிம்மதியாகச் சோறு வைக்கலாம்.