மறு: ‘ட்ரேஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன? ‘கோட்டுப் பதம்’ என்று முன்மொழிகிறேன்

வணக்கம்.

பத்து நாளாக இந்த இழையில் வந்த மடல்களை நேற்றிரவு மொத்தமாக உட்கார்ந்து படித்தேன். சுவடு நிலை, இறுகுநிலை, பால்மப் புள்ளி, கம்பிப் பதம், கோலப் பதம் என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. சோப்பு செய்யும்போது ‘ட்ரேஸ்’ என்பார்களே, அதற்குத் தமிழில் என்ன என்ற கேள்வியைக் கிளப்பியவள் நான். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் மகளிர் குழுவுக்கான துணி சோப்புக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஒரு சொல்லை முடிவு செய்தாக வேண்டும்.

நடுவில் சேர்ந்தவர்களுக்காக வேலையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 181 கிராம் காஸ்டிக் சோடா, 400 கிராம் தண்ணீர். எல்லாமே எடைக் கணக்கு. டம்ளர் கணக்கு ஆகாது. தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம்தான் சரி. அலுமினியத்தைக் காரம், அதாவது இந்தச் சோடா, அரித்துவிடும். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போடாமல் யாரும் பக்கத்தில் வரக்கூடாது. கரைத்த உடனே பாத்திரம் தொட முடியாதபடி சுடும். கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி அளவுக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்துக் கிண்டுகிறோம். முதலில் எண்ணெய் தனி, நீர் தனி. கிண்டக் கிண்டக் கலங்கி, வெளுத்து, மோர் மாதிரி ஆகி, பிறகு மெல்லக் கெட்டிப்படும். ஒரு கட்டத்தில் கரண்டியைத் தூக்கி ஒழுகவிட்டால், ஒழுகியது உள்ளே முங்காமல் மேலேயே கோடாகக் கிடக்கும். இதைத்தான் ட்ரேஸ் என்கிறார்கள். இது வந்த பிறகே அச்சில் ஊற்ற வேண்டும். யூடியூப் பார்த்துக் கற்றவர்கள் எல்லாரும் “ட்ரேஸ் வந்துடுச்சு” என்றுதான் சொல்கிறார்கள்.

போன சனிக்கிழமை குழுவில் வரைவுத் தாளை வாசித்துக் காட்டினேன். இங்கே அதிகம் பேர் ஆதரித்த சொல்லையே அதில் போட்டிருந்தேன்: “சுவடு நிலை வரும்வரை கலக்கவும்.” முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா, தென்னந்தோப்பில் கூலிக்குப் போகிறவர், கையைத் தூக்கினார். “சுவடுன்னா கால்தடமுங்களா கண்ணு? சட்டிக்குள்ள ஏது கால்தடம்?” யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அதே சந்தேகம். நான் விளக்கத் தொடங்கி, சொற்களால் முடியாமல், கடைசியில் கரண்டியைத் தூக்கிக் காட்டினேன். வெள்ளைக் கலவை மெல்லிய நூலாக இறங்கி, மேலே வளைந்து, அப்படியே கிடந்தது. அந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதுக்கா இத்தனை பேச்சு? கோடு நிக்குதுன்னு எழுது கண்ணு.”

பத்து நாளாக நாம் தேடியது இதுதான் என்று எனக்கு அங்கேயே தோன்றிவிட்டது. நின்றது, நிற்கவில்லை, நிற்கப்போகிறது என்று வினையாக ஓடுகிற சொல் அது. ‘சுவடு நிலை எய்தியது’ என்று யாரும் அடுப்படியில் பேசப் போவதில்லை. “கோடு நின்னுடுச்சா?” என்று பேசுவார்கள்.

இனி மற்ற முன்மொழிவுகள்.

> ட்ரேஸ் என்றால் சுவடு. நேரான பெயர்ப்பு இருக்கும்போது வேறு ஏன் தேட வேண்டும்?

அக்காவின் கேள்வி ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். இன்னொரு சிக்கலும் உண்டு. மண்ணிலும் உடலிலும் மிகச் சிறிய அளவில் இருக்கும் பொருள்களுக்குச் ‘சுவடு’ என்ற அடையை ஏற்கெனவே பயன்படுத்துகிறோம். சோப்பில் சுவடு என்றால், ஏதோ ஒன்று துளியளவு இருக்கிறது என்றே படித்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

> ‘இறுகுநிலை’ எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் நேரம் தப்புகிறது. கலவை இறுகுவது அச்சில் ஊற்றிய பிறகு. இறுகும்வரை சட்டியில் வைத்துக் கிண்டினால் அச்சில் ஊற்றவே முடியாது. வழித்து அப்ப வேண்டியதுதான்.

> பாகுக்குச் சொல்லும் ‘கம்பிப் பதம்’ எல்லாருக்கும் தெரிந்தது. அதையே எடுத்துக்கொள்ளலாமே?

இதை எழுதிய அண்ணனுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சொல்தான். கம்பிப் பதம் என்று கேட்டதும் நம் கை என்ன செய்கிறது? ஒரு சொட்டைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிரித்துப் பார்க்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பழகிய கை. சோப்புக் கலவையில் அந்த நேரம் காரம் இன்னும் முழுதாக எண்ணெயோடு சேர்ந்திருக்காது. தொட்டால் முதலில் எரியக்கூட எரியாது. விரல் வழவழவென்று இருக்கும். நம் தோலில் உள்ள எண்ணெயையே காரம் சோப்பாக்குவதால் வரும் வழவழப்பு அது. சற்று நேரம் கழித்துத்தான் எரிச்சல் தெரியும். பிறகு ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டே நிற்க வேண்டும். தொடச் சொல்லும் ஒரு பெயரைத் தொடக்கூடாத பொருளுக்கு வைக்க என்னால் முடியாது. கோடு கண்ணால் பார்ப்பது. பெயரிலேயே பாதுகாப்பு இருக்கிறது.

> ‘கோலப் பதம்’ அழகாக இருக்கிறது. மாக்கோலம் இழுப்பது போலத்தானே ஒழுகுகிறது?

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் குளியல் சோப்பு செய்பவர்கள் இரண்டு மூன்று நிறக் கலவைகளை அச்சில் ஊற்றி, குச்சியால் இழுத்துச் சுழி வரைகிறார்கள். நாளைக்கு அதற்கும் ஒரு சொல் வேண்டும். கோலம் என்பதை அதற்கு வைத்துக்கொள்வோம். இப்போதே செலவழித்துவிட வேண்டாம்.

> எண்ணெயும் நீரும் பிரியாதபடி சேர்ந்துவிட்ட நிலை என்பதே இதன் பொருள். ‘பால்மப் புள்ளி’ என்பதே அறிவியல்படி சரி. ‘பதம்’ சமையலறைச் சொல்.

வேதியியல் ஆசிரியர் ஐயாவின் விளக்கம் முற்றிலும் சரி. குறிப்பின் விளக்கப் பகுதியில் பால்மம் என்ற சொல்லை வைத்தே எழுதியிருக்கிறேன். ஆனால் பதம் என்பதை அடுப்போடு நிறுத்துவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. மழை பெய்த நிலத்தை உழுவதற்குப் பதம் பார்க்கிறோம். சித்த மருத்துவத்தில் தைலம் காய்ச்சுகிறவர்கள் மெழுகுபதம், மணல்பதம் என்று வேறுபடுத்தி, எந்தத் தைலத்தை எப்போது இறக்குவது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். இவை எல்லாவற்றிலும் பதம் என்றால் ஒரு பொருள் அடுத்த வேலைக்குத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். உழலாம், இறக்கலாம், உருட்டலாம். இங்கே அச்சில் ஊற்றலாம். ‘நிலை’, ‘புள்ளி’ இரண்டும் பொருள் எப்படி இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகின்றன. இனி என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வது ‘பதம்’ ஒன்றுதான். அதோடு ஐயா, ஆல்கலி என்ற சொல்லே அரபு மொழியில் செடியை எரித்த சாம்பலைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான். அதுவும் ஒரு காலத்தில் சாம்பல் அள்ளியவர்களின் சொல்லாக இருந்ததுதானே.

ஆகவே பெயர்ச்சொல்லாகக் ‘கோட்டுப் பதம்’; வினையாகக் ‘கோடு நிற்றல்’.

ஒரு சொல் நல்லதா என்று பார்க்க, அதிலிருந்து பிள்ளைச் சொற்கள் பிறக்கின்றனவா என்று நான் பார்ப்பேன். கோடு நின்று மெல்லக் கரைந்தால் இளங்கோட்டுப் பதம். கரையாமல் தடித்துக் கிடந்தால் முதிர்கோட்டுப் பதம். துணி சோப்புக்கு இரண்டுக்கும் நடுவில் ஊற்றினால் போதும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இந்தக் குறிப்பை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அதனால்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மார்கழிக் காலை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு டின்னில் பாதி உறைந்து, பாதி இளகி இருந்தது. நேரமாகிறது என்று சரியாகச் சூடுபடுத்தாமல், முன்தினம் கரைத்து ஆறிக் குளிர்ந்திருந்த காரநீரை அதிலேயே ஊற்றிவிட்டேன். மூன்றே நிமிடத்தில் கெட்டிப்பட்டது. கரண்டியைத் தூக்கினேன், கோடு அழகாக நின்றது. மகிழ்ச்சியாக அச்சில் ஊற்றினேன். மறுநாள் காலை மேலே விரல் கனத்துக்கு எண்ணெய் மிதந்தது. கீழே வெள்ளைக் கட்டி. அதை அறுத்தபோது நடுவில் சிறு சிறு குழிகள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் மாதிரி ஏதோ. கையுறை இல்லாத விரலால் தொட்டேன். அது தண்ணீர் இல்லை, காரம். விரல் நுனியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

நடந்தது இதுதான்: எண்ணெய் குளிரில் உறைந்ததால்தான் கலவை கெட்டிப்பட்டது. காரமும் எண்ணெயும் சேரவே இல்லை. ஆங்கிலத்தில் இதை ‘ஃபால்ஸ் ட்ரேஸ்’, அதாவது பொய் ட்ரேஸ், என்கிறார்கள். நாம் ‘பொய்க் கோடு’ என்போம். குறிப்பில் இதற்குத் தனிக் கட்டம் போட்டு, தடித்த எழுத்தில் எழுதியிருக்கிறேன்: “எண்ணெய் முழுதாக உருகித் தெளிவாக இருக்க வேண்டும். கிண்டத் தொடங்கியதும் சீக்கிரமே கோடு நின்றால் நம்பாதீர்கள். பாத்திரத்தை வெந்நீரில் வைத்து இளக்குங்கள். இளகினால் அது பொய்க் கோடு; மறுபடி கிண்டுங்கள்.” ‘பொய்ப் பால்மப் புள்ளி’ என்று இதை எழுதிப் பாருங்கள், படிக்கிறவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

> இலங்கையில் நாங்கள் சவர்க்காரம் என்றுதான் சொல்வோம். உங்கள் தாளில் முழுக்கச் சோப்பு என்றே இருக்கிறதே?

யாழ்ப்பாணத்துத் தோழி கேட்டது நியாயம். சவர் என்றால் உவர்ப்பு. வண்ணார் வெள்ளாவிக்கு உவர்மண் எடுத்த நினைவு அந்தச் சொல்லிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றும். எங்கள் பக்கத்திலும் பழைய ஆட்கள் சவுக்காரம் என்பார்கள். ஆனால் குழுவில் இருப்பவர்களில் பாதிப்பேர் இளம் பெண்கள், அவர்களுக்குச் சோப்புதான். எங்கள் தாளில் சோப்பு இருக்கட்டும். பொதுச் சொற்பட்டியலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம், ஒன்றை அடைப்புக்குறிக்குள் தள்ளாமல். கோட்டுப் பதம் இரண்டு ஊருக்கும் பொதுவாகவே இருக்கும்.

சூப்பர்ஃபேட் பற்றிச் சுருக்கமாக. காரத்துக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக எண்ணெய் வைத்து, அதைச் சோப்பாகாமல் விடுவது அது. ‘மிகைக்கொழுப்பு’ என்றால் மருத்துவரிடம் போன மாதிரி இருக்கிறது. ‘மிச்ச எண்ணெய்’ என்று வைத்துக்கொள்வோம். குளியல் சோப்புக்கு 5 சதவீதம் மிச்ச எண்ணெய் விடுவார்கள். துணி சோப்புக்கு 1 சதவீதம் போதும். அதற்கு மேல் போனால் எண்ணெய் துணியில் ஏறிப் பழுத்து மஞ்சளாகும். மேலே 181 கிராம் என்று சொன்னது இந்தக் கணக்கில்தான்: சோப்பாக்கல் எண் என்பது ஒரு கிராம் எண்ணெயைச் சோப்பாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பது; தேங்காய் எண்ணெய்க்கு அது 257 அளவு என்று எடுத்துக்கொண்டு காஸ்டிக் சோடாவுக்கு மாற்றினால் ஒரு கிலோவுக்கு 183 கிராம் வரும், அதில் 1 சதவீதம் குறைத்தது.

இந்த எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தேங்காய் எண்ணெய் விலை ஏறியதும் பலர் மிஞ்சிய நல்லெண்ணெயையோ புங்க எண்ணெயையோ போட்டு, காரத்தை மட்டும் அதே அளவில் விட்டுவிடுகிறார்கள். நல்லெண்ணெயின் சோப்பாக்கல் எண் 190 அளவுதான். ஒரு கிலோவுக்கு 135 கிராம் போதும். 181 போட்டால் 45 கிராமுக்கு மேல் காரம் கட்டியிலேயே தங்கி, துவைக்கிற கையைப் புண்ணாக்கிவிடும். கோடு என்னவோ ஒழுங்காகத்தான் நிற்கும். எடை தப்பாக இருந்தால் கோட்டுப் பதம் அதைக் காட்டிக்கொடுக்காது என்பதையும் தாளில் சேர்த்திருக்கிறேன்.

நான்கு வாரம் கட்டியை அடுக்கி வைக்கிறோமே, அந்தக் காலத்துக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. ‘உலர்த்தல்’ எனக்குப் போதவில்லை, ஏனென்றால் ஈரம் போவதோடு கட்டியின் தன்மையும் மாறுகிறது. கட்டடக்காரர்கள் சிமெண்டுக்குச் சொல்லும் ‘நீராற்றல்’ ஈரம் காயாமல் வைப்பது; இங்கே அது தலைகீழாகிவிடும். தாளில் இப்போதைக்கு “நான்கு வாரம் காற்றாட வையுங்கள்” என்றே விட்டிருக்கிறேன். யாருக்காவது உங்கள் பாட்டியோ அத்தையோ சொன்ன சொல் நினைவுக்கு வந்தால், வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.