ரயில் பாட்டு: படித்தால் சரி, பாடினால் தடுக்குகிறது. எங்கே கோளாறு?

பாட்டுப்பை:
வணக்கம். 5 முதல் 7 வயதுக் குழந்தைகள் கைதட்டிச் சேர்ந்து பாட ஒரு ரயில் பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். தொடக்கம் இது:

தண்டவாளத்தின் மேலே விரைந்து ஓடும் நீண்ட தொடர்வண்டி
ஜன்னல் ஓரமாய் அமர்ந்து பார்த்தால் மரங்கள் பின்னே போகும்

தாளில் படித்தால் குறை தெரியவில்லை. சேர்ந்து பாடும்போது முதல் சொல்லிலேயே கைதட்டல் சிதறுகிறது. வண்டி மெதுவாகக் கிளம்பி வேகம் பிடிப்பதையும் காட்ட வேண்டும். வேகமான கண்ணிக்கு (பாட்டின் ஒரு பகுதிக்கு) வரியை நீட்டினால் மூச்சு வாங்குகிறது. "சிக்குபுக்கு" போடலாமா வேண்டாமா என்பதும் சந்தேகம்.

சீர்பிரிப்பவர்:
கோளாறு எண்ணிக்கையில்தான். இலக்கணத்தில் ஒற்றுக்கு (புள்ளி எழுத்துக்கு) அரை மாத்திரை. கைதட்டிப் பாடும்போது அந்தக் கணக்கு உதவாது. இப்படி எண்ணிப் பாருங்கள்: தனிக் குறில் 1, நெடில் 2, குறிலோடு ஒற்று சேர்ந்தால் 2, நெடிலோடு ஒற்று சேர்ந்தாலும் 2. உங்கள் முதல் வரி 9, 4, 4, 4, 3, 6 என்று வருகிறது. ஒரு தட்டுக்கு 4 என்றால், "தண்டவாளத்தின்" ஒன்றே இரண்டு தட்டுக்கு மேல் இழுக்கிறது. குழந்தை அந்தச் சொல்லை முடிக்கும் முன் கை அடுத்த தட்டுக்குப் போய்விடும்.

ஒரு சீருக்கு (ஒரு தட்டில் பாடும் துண்டுக்கு) 4 என்று வைத்துக்கொண்டு, முதல் வரிக்கு நான்கு சீர், அடுத்த வரிக்கு மூன்று சீர், கடைசித் தட்டு வெறுமனே. அந்த வெற்றுத் தட்டில்தான் குழந்தை மூச்சு எடுக்கும்; அதைச் சொல்லால் நிரப்பிவிடாதீர்கள்.

பாலம் வந்தது பாலம் வந்தது
படபட தடதட ஓசை
ஆற்றில் படகைப் பார்த்திட வேணும்
அதுதான் எந்தன் ஆசை

ஓசை, ஆசையை இழுத்துப் பாடினால் எல்லாச் சீரும் 4. பா-ப, ஆ-அ என்று மோனை (முதல் எழுத்து ஒன்றுவது), ஓசை-ஆசை இயைபு (வரிக் கடைசி ஒன்றுவது). இந்த வயதில் காதில் முதலில் நிற்பது இயைபுதான், பிறகு மோனை. எதுகை (இரண்டாம் எழுத்து ஒன்றுவது) வந்தால் நல்லது, வலிந்து தேட வேண்டியதில்லை. தேடினால் முதல் எழுத்தின் அளவைப் பாருங்கள்: பெட்டி-கட்டி எதுகை, பாட்டு-பட்டு எதுகை ஆகாது, ஒன்று நெடிலில் தொடங்குகிறது, மற்றது குறிலில்.

இனி வேகம். வரியை நீட்டினால் வேகம் வராது, பாரம்தான் ஏறும். தட்டு மாறவே கூடாது. ஒரு தட்டுக்குள் எத்தனை எழுத்து ஒலிக்கிறது என்பதை மாற்ற வேண்டும். கிளம்பும்போது நெடிலும் ஒற்றடைத்த எழுத்தும்:

ஊதும் ஊதல் காதில் கேட்கும்
ஊரும் ஊரும் பெட்டி

வேகம் பிடித்ததும் குறில்:

கடகட தடதட கடகட தடதட
காற்றாய்ப் போகுது பெட்டி

"ஊரும்" என்பதும் 4, "கடகட" என்பதும் 4. முன்னதில் நாக்கு இரண்டு முறை அசைகிறது, பின்னதில் நான்கு முறை. கை அதே நிதானத்தில் தட்டுகிறது, வண்டி பறக்கிறது. "பெட்டி" 3தான், வரிக் கடைசியில் இழுத்துப் பாடுவதால் குறை தெரியாது. நடுச்சீரில் 3 வந்தால் தெரியும்.

இருப்புப்பாதை:
ஒலியைப் பற்றிக் கொஞ்சம். நீராவி எஞ்சினில் வழக்கமாக இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் பிஸ்டனை நீராவி இரு பக்கமும் மாறி மாறித் தள்ளும். அதனால் ஓட்டுசக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற நான்கு முறை நீராவி வெளியே அடிக்கும். "சிக்கு புக்கு" அந்த ஒலிதான். கிளம்பும்போது தனித்தனியாகக் கேட்கும், வேகம் ஏறினால் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே வேகமான கண்ணியில் "சிக்குபுக்கு" போட்டால் நீராவி வண்டிக்கே பொருந்தாது. டீசலுக்கு உறுமல், மின்சார எஞ்சினுக்கு ரீங்காரம்.

பெட்டிக்குள் கேட்கும் "தடக் தடக்" எஞ்சினுடையது அல்ல, சக்கரம் தண்டவாள இணைப்பைத் தாண்டும் ஒலி. பெட்டிக்கு இரண்டு போகி (சக்கரங்களைத் தாங்கும் சட்டகம்), போகிக்கு இரண்டு அச்சு. ஒரு பெட்டியின் பின்போகியும் அடுத்த பெட்டியின் முன்போகியும் அருகருகே இருப்பதால் இரண்டிரண்டாக நான்கு தட்டு கேட்கும், பிறகு பெட்டியின் நடுப்பகுதி கடக்கும் நேரம் அமைதி. தடக்-தடக், தடக்-தடக், இடைவெளி. இதைப் பாட்டின் நடுவே பல்லவிபோல வைக்கலாம்.

ஒரு சிக்கல்: இப்போது பல பாதைகளில் தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள், இணைப்பு ஒலி அரிது. ஆனால் தடம் பிரியும் இடத்தில் இன்றும் கேட்கும். கீழே ஜல்லி இல்லாத இரும்புப் பாலத்தில் ஒலி சட்டென்று பெருகும், ஏனென்றால் ஓசையை உள்வாங்க அங்கே ஜல்லி இல்லை. பாலமே சேர்ந்து அதிர்கிறது. மேலே பாலக் கண்ணியில் "படபட தடதட" வைத்தது சரியான இடம்.

மரங்கள் பின்னே போவதையும் இன்னும் உற்றுப் பார்த்து எழுதலாம். எல்லாமே ஒரே வேகத்தில் போவதில்லை. பாதையோரக் கம்பம் கண் சிமிட்டுவதற்குள் போய்விடும், வயல் நிதானமாகத் திரும்பும், தூரத்து மலை கூடவே வரும்.

தாளக்கட்டு:
"சிக்குபுக்கு" விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. அது இப்போது ஒலிக்குறிப்பாக இல்லாமல் விளையாட்டுச் சொல்லாகிவிட்டது. குழந்தை ரயில் விளையாட்டைத் தொடங்குவதே அதில்தான். கிளம்பும் கண்ணியில் ஒருமுறை இருக்கட்டும். ஆனால் மின்சார ரயிலைப் பாடிவிட்டுப் புகையைக் கொண்டுவராதீர்கள், அது பொய்.

பாடிக்கொண்டே வரிசையாக நடக்கப்போகிறார்கள் என்றால் ஒரு வரிசைக்கு 6 முதல் 8 பேர் போதும். முன்னால் போகும் குழந்தை வேகம் கூட்டினால் நடுவில் பிடி விட்டுப்போகும். திருப்பத்தில் கடைசிக் குழந்தை விழக்கூடும். எனவே சீருக்கு ஒரு காலடி என்று நடை மாறாமல் இருக்க வேண்டும். வேகமான கண்ணிக்குக் காலை விரட்டாமல், முன்னவர் தோளிலிருந்து கையை எடுத்து முழங்கையைச் சக்கரம்போல ஒரு தட்டுக்கு இரண்டு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று: "எட்டிப் பார்", "கையை நீட்டு", "வாசலில் நில்" போன்ற ஏவல்கள் ரயில் பாட்டில் வேண்டாம். குழந்தை பாட்டில் பாடியதை வண்டியில் செய்து பார்க்கும்.

பாட்டுப்பை:
நன்றி, 9 என்ற எண்ணிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. "தண்டவாளத்தின் மேலே" போய் "தண்டின் மேலே" என்று வைத்தால் 4, 4 வருகிறதே, போதுமா?

சீர்பிரிப்பவர்:
கணக்குச் சரி, பொருள் கெடுகிறது. "தண்டு" என்றால் குழந்தைக்குச் செடித்தண்டு. "பாதை" என்று எடுங்கள்: "பாதை மேலே". "பாதை" தாளில் 2+1தான், சொல்லின் கடைசி ஐகாரம் குறுகி ஒலிக்கும். ஆனால் ஐகாரத்தை இழுத்துப் பாடினால் 4 நிறையும். ஓசை, ஆசையிலும் அப்படித்தான். குறுக்கிச் சொன்னால் தட்டு தள்ளிப்போகும். கற்றுக்கொடுக்கும்போது முதல் தடவை அந்த இழுப்போடு நீங்களே பாடிக் காட்டிவிடுங்கள்.