பழைய கம்ப்யூட்டர் டேப் ரீல்களில் வெள்ளைப் பூ: என்ன செய்வது?

கடலோரன்:
மாமா 70-களில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவர். வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு பெட்டி நிறைய டேப் ரீல்கள் கிடைத்தன. அரை இன்ச் டேப், 2400 அடி என்று லேபிள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்திருந்தார்கள். சில ரீல்களில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. நான் இருப்பது திருவான்மியூர், கடற்காற்று கேட்கவே வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? பக்கத்து ரூமில் பெரிய ஸ்பீக்கர் வேறு இருக்கிறது, அழிந்துவிடுமா?

ரீல்பாண்டி:
ஃப்ரிட்ஜ் வேண்டாம் சார். அதிகம் குளிர்ந்தால் டேப்பின் மேலுள்ள காந்தப் பூச்சில் கலந்திருக்கும் வழவழப்புப் பொருள் பிரிந்து மேலே வந்துவிடும். வெளியே எடுத்ததும் வியர்த்து ஈரம் பிடிக்கும். 20 டிகிரி பக்கம், ஈரப்பதம் 30-40 சதவீதம் இருந்தால் நல்லது. இரவில் மட்டும் ஏசி போட்டுப் பகலில் அணைக்கிற ரூம் ஆகாது, அந்த ஏற்ற இறக்கமே கெடுதல். இறுக்கமாக மூடும் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஈரப்பதம் காட்டும் ஒரு ஹைக்ரோமீட்டர் போதும். ஜெல் நிறம் மாறினால் உடனே மாற்றுங்கள், சென்னையில் சீக்கிரமே மாறும்.

ரீலைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். எடை ரீலின் நடுவிலுள்ள குடத்தில் (ஹப்) இறங்க வேண்டும். தூக்கும்போதும் அங்கேதான் பிடிக்க வேண்டும். பக்கத்தட்டை அழுத்தினால் டேப்பின் ஓரம் மடங்கும். ஸ்பீக்கர் சுவருக்கு அந்தப் பக்கம்தானே? கவலை இல்லை, காந்தப்புலம் தூரத்தில் வேகமாகக் குறைந்துவிடும். அதன்மேல் மட்டும் வைக்காதீர்கள்.

கடலோரன்:
நன்றி சார். அந்த வெள்ளை, பஞ்சு நூல் மாதிரி இருக்கிறது. மழைக்காலப் பீரோ வாசனை.

காந்தப்பிரியா:
அப்படியானால் பூஞ்சை. அந்த ரீல்களை உடனே தனியாகப் பிரியுங்கள். மாஸ்க், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், ஃபேன் காற்றில் தட்டாதீர்கள். முதலில் நன்றாகக் காயட்டும்.

அப்புறம் ரீலை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சுற்றின் ஊடே வெளிச்சம் தெரிந்தால் டேப்பின் அடிப் பிளாஸ்டிக் அசிடேட். புளித்த வினிகர் வாசனையும் வரலாம். தெரியாவிட்டால் பாலியெஸ்டர்.

கடலோரன்:
வெளிச்சம் தெரியவில்லை. ஆனால் நுனியைக் கொஞ்சம் இழுத்தால் ஒட்டிக்கொண்டு வருகிறது. பின்பக்கம் மஞ்சள் பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கிறது, அது எதற்கு?

காந்தப்பிரியா:
மேற்கொண்டு இழுக்காதீர்கள்! காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பாலியூரிதேன் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்திருக்கும். இப்படியே டேப் ஓட்டும் டிரைவில் போட்டால் பழுப்புப் பூச்சு உரிந்து, படிக்கிற ஹெட்டில் அப்பிக்கொள்ளும். 50 டிகிரி அளவில் பல மணி நேரம் சீராகச் சூடாக்கினால் சில வாரங்களுக்குப் படிக்கிற நிலைக்கு வரும். ஆனால் அதற்கு இன்குபேட்டர் வேண்டும், சமையல் ஓவன் வேண்டவே வேண்டாம். பூஞ்சையைச் சுத்தம் செய்து, இந்த டேப்பின் ஒன்பது தடங்களையும் படிக்கிற 9 டிராக் டிரைவ் உள்ளவர் கிடைத்த பிறகு அவர் சொல்கிறபடி செய்யுங்கள். முன்கூட்டிச் சூடாக்கிப் பயனில்லை.

ரீல்பாண்டி:
மஞ்சள் வளையத்தை இன்றே கழற்றிவிடுங்கள். அது இருந்தால்தான் டிரைவ் எழுதும். இல்லையென்றால் படிக்க மட்டும்தான். லேபிளில் 800, 1600, 6250 என்று ஏதாவது இருக்கிறதா? ஓர் இன்ச் டேப்பில் எவ்வளவு நெருக்கமாக எழுதியிருக்கிறது என்கிற அடர்த்தி அது. தெரிந்தால்தான் எந்த டிரைவ் என்று சொல்ல முடியும். ஐபிஎம் மெஷினில் எழுதியதென்றால் எழுத்துகள் பெரும்பாலும் எப்சிடிக் (EBCDIC) என்ற ஐபிஎம்மின் எழுத்துக் குறியீட்டில் இருக்கும், குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். லேபிளை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள் சார்.