முதல் ஸ்னோபோர்டு வாங்குகிறீர்களா? காலில் இருந்து தொடங்குங்கள்

குளிர் நாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நம் ஆட்கள் சிலர், வரும் சீசனுக்கு ஸ்னோபோர்டு வாங்க யோசித்துக்கொண்டு ஆலோசனை கேட்கிறார்கள். நல்ல முடிவு. பனி பெய்யும் மாதங்கள் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல் வெளியே போக ஒரு காரணம் கிடைக்கும். ஆனால் கேட்பவர்களில் பெரும்பாலோர் போர்டின் படத்தை மட்டும் அனுப்பி, "இது நல்லதா?" என்கிறார்கள். படத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. உங்கள் பாத நீளமும் உடல் எடையும் தெரிந்தால்தான் எதையும் சொல்லலாம்.

வாங்கும் வரிசை இதுதான்: முதலில் பூட்ஸ், அடுத்து பூட்ஸை போர்டோடு பிணைக்கும் பைண்டிங், கடைசியில் போர்டு. பைண்டிங்கின் அளவையும் போர்டின் அகலத்தையும் பூட்ஸ்தான் தீர்மானிக்கிறது. அழகான போர்டைத் தள்ளுபடியில் வாங்கிவிட்டு, அதற்கேற்ற பூட்ஸைப் பிறகு தேட முடியாது.

இன்னும் பனியில் இறங்கியதே இல்லை என்றால், முதல் சில நாட்கள் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுங்கள். பிடித்துவிட்டால், பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொண்டு, போர்டையும் பைண்டிங்கையும் அந்த சீசன் முழுக்க வாடகைக்கு எடுப்பது நல்ல வழி என்பது என் கருத்து. வாடகை பூட்ஸ் பல பேர் காலுக்கு அமுங்கித் தளர்ந்திருக்கும். வளரும் பிள்ளைகளுக்கு எதையுமே வாங்க வேண்டாம், சீசன் வாடகையே போதும்.

சரி, பூட்ஸ். குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று, எடையை அந்தக் காலில் போட்டு, நீளமான விரலின் நுனி வரை சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெரிய கால்தான் கணக்கு. பூட்ஸில் மோண்டோ என்று ஓர் அளவு போட்டிருப்பார்கள், அது பாத நீளமேதான். 26.5 செ.மீ. பாதம் என்றால் 26.5-இல் இருந்து போட்டுப் பார்க்கத் தொடங்கலாம். நாட்டுக்கு நாடு மாறும் ஷூ எண்களைவிட இதை நம்பலாம். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் சற்றே பின்வாங்க வேண்டும். முக்கியமாக, குதிகால் மேலே எழும்பக் கூடாது. போர்டை நாம் திருப்புவதே குதிகாலையும் விரல்களையும் அழுத்தித்தான். கால் உள்ளே ஆடினால் எவ்வளவு நல்ல போர்டும் சொன்னபடி கேட்காது.

உள்ளே இருக்கும் மெத்தை சில நாட்களில் அமுங்கி இடம் கொடுக்கும், அதனால் புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதுதான் சரி. வலித்தாலோ மரத்துப்போனாலோ வேறு மாடலைப் பாருங்கள். கடையில் போட்டுக்கொண்டு கால் மணி நேரமாவது நில்லுங்கள், நடங்கள், குந்திப் பாருங்கள். சாக்ஸ் ஒரே ஜோடி, மெல்லியது. இரண்டு ஜோடி போட்டால் கதகதப்பாக இருக்காது, ரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் இன்னும் சீக்கிரம் குளிரும். சாதாரண லேஸா, இழுத்தால் இறுகும் ஸ்பீட் லேஸா, குமிழைத் திருகும் போவாவா என்பதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். கையால் எளிதாக இறுக்கித் தளர்த்த முடிந்தால் போதும்.

அடுத்தது பைண்டிங். பெரும்பாலும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் வரும். எந்த பூட்ஸ் அளவுக்கு எது என்று ஒவ்வொரு கம்பெனியும் அட்டவணை கொடுத்திருக்கும். ஆனால் ஒரே எண் போட்ட பூட்ஸ்கூட வெளிப்புறத்தில் வேறு வேறு பருமனில் இருக்கும். அதனால் பூட்ஸை எடுத்துக்கொண்டு போய் மாட்டிப் பார்ப்பதுதான் நிச்சயம். குதிகால் பைண்டிங்கின் பின்பக்கத்தில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். பக்கவாட்டில் ஆடக் கூடாது. கணுக்கால் ஸ்டிராப்பின் மெத்தைப் பகுதி பூட்ஸின் நடுவில் படிய வேண்டும். ஒரு பக்கம் சரிந்து போனால் அதன் நீளத்தை மாற்றிப் பார்க்கலாம், அப்படியும் சரியாகவில்லை என்றால் அளவு தவறு.

ஸ்டிராப் வைத்தவை எல்லா பூட்ஸுக்கும் பொருந்தும். பர்ட்டன் கம்பெனி 2017-இல் கொண்டுவந்த ஸ்டெப் ஆன், மிதித்தவுடன் மாட்டிக்கொள்ளும். பனியில் உட்கார்ந்து குனிய வேண்டியதில்லை. ஆனால் அதற்கென்றே செய்த பூட்ஸ் வேண்டும், ஏற்கெனவே பூட்ஸ் வாங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிடெக்கர் கம்பெனியின் சூப்பர்மேட்டிக் போன்றவற்றில் சாதாரண பூட்ஸோடே காலை உள்ளே விட்டு மாட்டிக்கொள்ளலாம். முதல் முறை வாங்குபவருக்கு நான் ஸ்டிராப்பையே சொல்வேன். எங்கும் கிடைக்கும், பழுது பார்ப்பதும் சுலபம்.

இப்போது பலர் தவறவிடும் இடம்: பைண்டிங் அந்த போர்டில் மாட்டுமா? பெரும்பாலான போர்டுகளில் ஸ்க்ரூ துளைகள் நான்கு சென்டிமீட்டர் இடைவெளியிலோ, நெருக்கமாக இரண்டு சென்டிமீட்டர் வரிசையிலோ இருக்கும். 4x4, 2x4 என்பார்கள். பைண்டிங்கின் நடுவில் வைத்து ஸ்க்ரூ போடும் வட்டத் தகடுதான் டிஸ்க், ஒரே டிஸ்க் இரண்டுக்கும் பொருந்தும். இரண்டாவதில் கால் இடைவெளியை இன்னும் நுணுக்கமாக மாற்றலாம், அவ்வளவுதான் வித்தியாசம். பர்ட்டன் போர்டுகள் பலவற்றில் துளைகளுக்குப் பதில் நீளமான ஒரு பள்ளம் இருக்கும், அதுதான் சேனல். பர்ட்டனின் ரீஃப்ளெக்ஸ் வகை பைண்டிங் சேனலிலும் துளை போர்டுகளிலும் மாட்டும். இஎஸ்டி வகை சேனலில் மட்டும்தான் மாட்டும். வேறு கம்பெனி பைண்டிங்கைச் சேனல் போர்டில் போடுவதானால், அதற்கான டிஸ்க் பெட்டியிலேயே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய பொருள் வாங்குபவர்கள் துளை அமைப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

போர்டு நீளத்துக்குப் பழைய வழக்கம் ஒன்று உண்டு: நிறுத்தி வைத்தால் தாடைக்கும் மூக்குக்கும் நடுவே வர வேண்டும் என்பார்கள். அதைத் தோராயமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போர்டு உங்கள் எடையைத்தான் உணர்கிறது, உயரத்தை அல்ல. 175 செ.மீ. உயரமுள்ள இருவரில் ஒருவர் 60 கிலோ, இன்னொருவர் 85 கிலோ என்றால், முதல்வருக்கு 150 செ.மீ. அளவில் ஒன்று போதும், மற்றவருக்கு 158-க்குப் பக்கம் வேண்டியிருக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனி எடை வரம்பு போட்டிருக்கும். உங்கள் எடை அதன் நடுப்பகுதியில் விழ வேண்டும். தொடங்குபவர்கள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குட்டையாக எடுத்தால் திருப்புவது எளிது.

அகலத்துக்கு மீண்டும் காலுக்கு வருகிறோம். பூட்ஸ் போர்டின் இரு ஓரங்களிலும் ஓரளவு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது சரிதான், அப்போதுதான் ஓரத்தை அழுத்த முடியும். பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீட்டினால், சாய்ந்து திரும்பும்போது விரலோ குதிகாலோ பனியில் உரசி ஆளைத் தள்ளிவிடும். மோண்டோ 28.5-க்கு மேல் உள்ளவர்கள் 'வைட்' என்று குறித்த போர்டுகளைப் பார்ப்பது நல்லது. சின்னப் பாதம் உள்ளவர் அகலமான போர்டை எடுத்தால் திருப்பவே திணறுவார். பெண்களுக்கான மாடல்கள் பெரும்பாலும் குறுகலாக இருக்கும். பெயரை விடுங்கள், எண்கள் பொருந்தினால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

வளைவு விஷயத்தில், கேம்பர் என்றால் நடுப்பகுதி வில் போல மேலெழுந்திருக்கும். நல்ல பிடிப்பு, நல்ல வேகம், ஆனால் கவனம் தவறினால் ஓரம் சட்டென்று பனியில் கொத்திக்கொள்ளும். ராக்கர் அதற்கு நேர்மாறு, முனைகள் மேலே தூக்கியிருப்பதால் மன்னிக்கும் குணம் அதிகம், கடினமான பனியில் பிடிப்பு குறைவு. புதியவர்களுக்குத் தட்டையான நடுப்பகுதியும் சற்றுத் தூக்கிய முனைகளும் கொண்ட கலப்பு வகை பொருத்தம். வடிவம், இரு முனையும் ஒரே மாதிரி இருக்கும் ட்வின் அல்லது அதிலிருந்து முன்பின் சற்றே மாறும் டைரக்‌ஷனல் ட்வின். விறைப்பைப் பெரும்பாலும் பத்துக்கு இத்தனை என்று சொல்வார்கள், 3 முதல் 5 வரை போதும். பூட்ஸ், பைண்டிங், போர்டு மூன்றின் விறைப்பும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கட்டும். மெத்தென்ற போர்டில் விறைப்பான பைண்டிங்கைப் போட்டால் சின்ன அசைவுக்கும் போர்டு துள்ளும். அடிப்பகுதியில் சின்டர்டு வகை வேகமானது, ஆனால் அடிக்கடி வாக்ஸ், அதாவது மெழுகு, போட வேண்டும். எக்ஸ்ட்ரூடட் வகைக்கு அவ்வளவு பராமரிப்பு தேவையில்லை.

மாட்டும்போது கால் இடைவெளி தோள் அகலத்தைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். போர்டிலேயே குறித்திருக்கும் இடத்தில் தொடங்கலாம். முன்கால் கோணம் +15 டிகிரி, பின்கால் -6 அல்லது -9 வைத்துப் பாருங்கள்; + என்றால் விரல்கள் போர்டின் முன்முனைப் பக்கம், - என்றால் பின்முனைப் பக்கம் திரும்பியிருக்கும். எந்தக் கால் முன்னே என்று தெரியாவிட்டால், சாக்ஸோடு வழுவழுப்பான தரையில் சறுக்கிப் பாருங்கள், தானாக முன்னே போகும் கால்தான் அது. இடது கால் என்றால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. ஸ்க்ரூவை நன்றாக இறுக்குங்கள், ஆனால் அடிப்பக்கம் குழி விழும் அளவுக்கு வேண்டாம். முதல் சில இறக்கங்களுக்குப் பிறகு கட்டாயம் ஒருமுறை சரிபாருங்கள், தளர்வது சகஜம்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஸ்கீ பைண்டிங் போல இது விழும்போது தானாகக் கழன்று கொள்ளாது. புதியவர்கள் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கிறது. மணிக்கட்டுக் காப்பும், இஎன் 1077 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2040 என்ற பாதுகாப்புத் தர முத்திரை உள்ள ஹெல்மெட்டும் வாங்க முடியாத அளவுக்கு போர்டில் பணத்தைப் போட்டுவிடாதீர்கள். ஹெல்மெட் மட்டும் பழையது வேண்டவே வேண்டாம், உள்ளே அடிபட்டிருப்பது வெளியே தெரியாது. பழைய போர்டில் ஓரத்து இரும்பு பிளந்திருக்கிறதா, அடுக்குகள் பிரிகின்றனவா, துளைகளின் மரை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

சந்தேகம் இருந்தால் பாத நீளம், எடை, பார்த்து வைத்திருக்கும் மாடல் மூன்றையும் எழுதுங்கள். வாங்குவதற்கு முன்னால் கேட்டால்தான் உதவியாக இருக்கும்.