சேவல் முட்டையிடாது: நீல முட்டைக் கோழிகளோடு எங்கள் அனுபவம்

வட கரோலினாவிலிருந்து

நீல முட்டைக்காகக் கோழி வளர்ப்பவர்கள் நம்மில் நாலைந்து பேராவது இருக்கிறோம். பட்ட பாட்டை எழுதி வைத்தால் புதிதாக ஆரம்பிப்பவருக்கு ஒரு வருடம் மிச்சமாகும். நானே தொடங்குகிறேன்.

2019 வசந்தத்தில் ஒரு பொரிப்பகத்தின் பட்டியலில் ‘அமெரகானா’ என்று போட்டிருந்த ஆறு பெட்டைக் குஞ்சுகளைத் தபாலில் வரவழைத்தேன். தபாலில் குஞ்சா என்று ஊரிலிருந்து அப்பா நம்பவே இல்லை. பொரிந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும், மூன்று நாள்வரை தீனி தண்ணீர் இல்லாமல் தாங்கும். அமெரிக்கத் தபால் துறை 1918 முதல் குஞ்சுகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது என்று விளக்கினேன். “பாவம்டா” என்று மட்டும் சொன்னார்.

ஆறும் நன்றாக வளர்ந்தன. ஏழாம் மாதம் முதல் முட்டை: பச்சை. அடுத்தது ஆலிவ். ஒன்று வெளிறிய ரோஸ். ஆறில் ஒன்றுகூட நீலம் இல்லை. அப்புறம்தான் விசாரித்தேன். நான் வாங்கியது அமெரகானாவே அல்ல, ஈஸ்டர் எக்கர் என்ற கலப்பு. நீல முட்டை மரபணு எங்கோ ஒரு மூலையில் ஓடும் கோழிக்கெல்லாம் அந்தப் பெயர்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன், முட்டை நிறையப் போடும், சாதுவாக இருக்கும். ஆனால் இனம் என்று சொல்லி விற்பது அநியாயம்.

உண்மையான அமெரகானாவுக்கு அடையாளங்கள் உண்டு. கால் சாம்பல் கலந்த கருநீலம், என்னுடையவற்றுக்கோ பச்சைக் கால். கன்னத்தில் பொசுபொசுவென்று இறகும் தாடியும் இருக்கும், வாலும் இருக்கும். அமெரிக்கக் கோழிச் சங்கம் 1984-இல் இதைத் தனி இனமாக ஏற்றபோது கறுப்பு, வெள்ளை, கோதுமை நிறம், வெள்ளி என்று எட்டு நிறங்களையும் வரையறுத்தது. பட்டியலில் ‘பல நிறம்’ என்று போட்டிருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சரி, 2021-இல் கறுப்பு அமெரகானா வளர்க்கும் ஒருவரிடம் பன்னிரண்டு அடைமுட்டை வாங்கினேன். அதுவும் தபால்தான். வந்து சேர்ந்தவற்றை விளக்கு வைத்துப் பார்த்தால் பாதியில் அகன்ற முனையில் இருக்க வேண்டிய காற்றறை கழன்று ஆடிக்கொண்டிருந்தது. கூர்முனை கீழாக ஒரு நாள் முழுக்க அசையாமல் நிறுத்திவைத்து, பிறகு இன்குபேட்டரில் அடுக்கினேன். 37.5 டிகிரி சூடு. ஈரப்பதம் பதினெட்டாம் நாள்வரை ஐம்பதுக்குள், கடைசி மூன்று நாள் அறுபத்தைந்துக்கு மேல். ஆச்சி அடை வைத்தால் கூடையில் ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் போடுவாள், இடி இடித்தால் கூமுட்டையாகிவிடக் கூடாதென்று. நானும் இன்குபேட்டர் மேல் ஒரு ஆணியை வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து பொரிந்தன. மூன்று சேவல், இரண்டு பெட்டை. பெட்டைகள் இரண்டும் வான நீலத்தில் இட்டன. அந்த முதல் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். உடைத்து உள்சவ்வை உரித்தால் ஓட்டின் உட்புறமும் நீலம். பழுப்பு முட்டையில் நிறம் மேல்பூச்சு, கடைசிச் சில மணி நேரத்தில் பூசப்படுவது. நீலம் அப்படியல்ல. பித்தத்தில் இருக்கும் அதே பிலிவெர்டின் என்ற நிறமி, ஓடு உருவாகும்போதே அதில் ஊறி இறங்குகிறது. நீல ஓட்டின்மேல் பழுப்புப் பூசினால் பச்சை. என் முதல் ஆறில் பச்சையும் ஆலிவும் இட்டவற்றின் கதை அவ்வளவுதான்.

இனி நான் செய்த பெரிய தவறு. மூன்று சேவல்களில் பார்க்க லட்சணமானதை வைத்துக்கொண்டு அந்த இரண்டு பெட்டைகளோடு விட்டேன். கூடப் பிறந்தவையாகத்தான் இருக்கும். 2022-இல் பதினான்கு குஞ்சு. மூன்றாம் வாரத்திலேயே மூன்று குஞ்சுகளுக்கு நடுவில் ஒற்றைத் தகடாகக் கொண்டை எழும்பியது. நம் ஊரில் கத்திப்பூ என்பார்களே, அது. அமெரகானாவுக்கு வர வேண்டியது தலையோடு படிந்த, மூன்று வரிசைப் புடைப்புள்ள சின்னக் கொண்டை. சண்டைக்கு வளர்க்கும் அசீல் சேவலுக்கு இருப்பதும் அதுதான். ஆங்கிலத்தில் அதைப் பட்டாணியின் பெயரால் அழைக்கிறார்கள், அதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால் வீட்டில் சிரிக்கிறார்கள். பட்டாணிக் கொண்டை என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த மூன்றைப் பார்த்தும் நான் கண்டுகொள்ளவில்லை. முட்டைக்குத்தானே வளர்க்கிறோம், கொண்டை எப்படி இருந்தால் என்ன என்று இருந்துவிட்டேன். மூன்றில் ஒன்று சேவல், குழம்பாயிற்று. மற்ற இரண்டும் பருவத்துக்கு வந்து இட்ட முட்டை வெளிறிய சந்தன நிறம். நீலத்தின் வாடையே இல்லை.

காரணம் இதுதான். நீல ஓட்டு மரபணுவும் பட்டாணிக் கொண்டை மரபணுவும் முதலாவது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடு. நூற்றுக்கு மூன்று நான்கு முறைதான் பிரியும், மற்றபடி சேர்ந்தே பிள்ளைக்குப் போகும். நீலம் ஓங்கிய குணம். மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும், அதில் நீலத்துக்கு ஒரு பிரதி இருந்தாலே முட்டை நீலமாகிவிடும். என் சேவலிடமும் பெட்டையிடமும் ஒரு பிரதிதான் இருந்திருக்கிறது, அந்தக் கால்வழியில் யாரோ எப்போதோ வேறு இனத்தைக் கலந்திருக்க வேண்டும். பெட்டையிடம் குறை இருந்தால் நீலத்தின் அடர்த்தியாவது சில நேரம் காட்டிக்கொடுக்கும். சேவல் முட்டையிடாது. அதன் லட்சணத்தை நம்பி ஒரு வருடத் தீனி போட்டேன். இப்போது பழைய படங்களைப் பார்த்தால் அதன் கொண்டையே மற்ற இரண்டை விடச் சற்று உயரமாக, தளர்வாகத்தான் தெரிகிறது.

மற்றவர்களும் எழுதுங்கள். என் இப்போதைய சேவலின் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

மிச்சிகனிலிருந்து

உங்களுக்காவது முட்டைக்கு வெளியே வந்தபிறகு ஏமாற்றம். நான் வளர்ப்பது அரௌகானா, நீல முட்டையிடும் இன்னொரு இனம்.

அமெரிக்க அரௌகானாவுக்கு வால் கிடையாது, வாலெலும்பே கிடையாது. காதருகில் ஜிமிக்கி போல இறகுக் கொத்து தொங்கும். சிலியின் மாபுச்சே மக்கள் வாழும் பகுதியிலிருந்து வந்த வழி. ஸ்பெயின் கோழியியல் பேராசிரியர் சால்வதோர் கஸ்தெல்லோ 1921-இல் ஹேக் நகர உலகக் கோழி மாநாட்டில் இதை அறிமுகப்படுத்தியபோது தனி உயிரினம் என்றே எண்ணினார், பிறகு அவரே திருத்திக்கொண்டார். அங்கே வாலில்லாதது ஒரு கோழி, ஜிமிக்கி போட்டது இன்னொரு கோழி. இரண்டும் கலந்ததே இது.

அந்த ஜிமிக்கிதான் எமன். அதன் மரபணு தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் குஞ்சு பிழைக்காது. கடைசி நாட்களில், ஓட்டுக்குள் முழுதாக வளர்ந்தபிறகு சாகும். முதல் வருடம் இது தெரியாமல் ஜிமிக்கிச் சேவலை ஜிமிக்கிப் பெட்டைகளோடே விட்டேன். இருபத்து நான்கு வைத்ததில் பதினொன்று பொரிந்தது. மிஞ்சியதை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமையை மறக்க முடியாது. இன்குபேட்டர் கோளாறு என்று நினைத்துப் புதிதே வாங்கினேன், அதிலும் அதே கதை. கணக்குப்படி நாலில் ஒன்று இப்படிப் போகும். இப்போது ஜிமிக்கி உள்ளதோடு இல்லாததைத்தான் சேர்க்கிறேன். பாதிக் குஞ்சுகளுக்கு ஜிமிக்கி வரும், சாவு வெகுவாகக் குறைந்துவிட்டது.

இன்னொன்று: வாலில்லாத கோழிக்குப் பின்பக்கம் இறகு அடர்ந்து மூடியிருக்கும், சேவல் மிதித்தாலும் பலிக்காது. ஆசனவாயைச் சுற்றிக் கத்தரித்துவிட வேண்டும். ஒரு கையில் கோழி, ஒரு கையில் கத்தரிக்கோல். அதைப் பார்த்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரர் இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை.

லீட்ஸ், இங்கிலாந்து

கொண்டைக் கதையைப் படித்ததும் எங்கள் கோழிகளைத்தான் எட்டிப் பார்த்தேன். நாங்கள் வளர்க்கும் கிரீம் லெக்பார் இனம் கத்திக்கொண்டைதான் வைத்திருக்கிறது, ஆனாலும் முட்டை நீலம்! அந்த ‘நூற்றுக்கு மூன்று நான்கு’ வாய்ப்பைப் பிடித்து நிலைநிறுத்திய இனம் இது. ஆகவே கொண்டையைப் பார்த்து முட்டையைச் சொல்லும் வித்தை எல்லா இனத்துக்கும் பொருந்தாது, வம்சம் தெரிந்திருக்க வேண்டும்.

செடி தேடித் தென் அமெரிக்கா போன கிளாரன்ஸ் எலியட் கொண்டுவந்த கோழிகளை வைத்துத்தான் கேம்பிரிட்ஜில் பன்னெட் நீல நிறம் ஓங்கிய குணம் என்று 1933-இல் காட்டினார். பள்ளியில் மரபியல் கட்டம் போட்டோமே, அந்தப் பன்னெட்தான். லெக்பாரில் அவருடைய கையும் உண்டு. இதன் பெரிய சௌகரியம், பொரிந்த அன்றே பால் தெரியும்: பெட்டைக்குஞ்சுக்கு முதுகில் அணில் போலத் தெளிவான கோடு, சேவல்குஞ்சுக்கு வெளிறிய உடம்பும் தலையில் ஒரு பொட்டும். என் மகள் ஏழு வயதில் எனக்கு முன்பே பிரித்துவிடுவாள்.

கஷ்டம் என்றால் பறவைக் காய்ச்சல்தான். 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை இங்கிலாந்து முழுக்கக் கோழிகளை வெளியே விடக் கூடாதென்று உத்தரவு. லெக்பார் சுற்றித்திரியும் சாதி, அடைத்துப்போட்டால் ஒன்றையொன்று கொத்தும். முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுச் சமாளித்தோம். 2024 அக்டோபரிலிருந்து ஒரே ஒரு கோழி இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். செய்துவிட்டோம்.

ஒரு கேள்வி

நீல முட்டையில் கொழுப்புக் குறைவு, சத்து அதிகம் என்கிறார்களே, உண்மையா? உள்ளே கரு என்ன நிறம்?

வட கரோலினா (மறுபடியும்)

உள்ளே சாதாரண முட்டைதான், சத்து தீனியைப் பொறுத்தது. ஓடு மட்டும்தான் விசேஷம். அந்த விசேஷத்துக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று 2013-இல் கண்டுபிடித்தார்கள். எப்போதோ கோழியின் மரபணுத் தொடருக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்ட ரெட்ரோவைரஸ் துண்டு ஒன்று, பக்கத்து மரபணுவை ஓடு உருவாகும் இடத்தில் முடுக்கிவிடுகிறது. சீனாவின் தோங்சியாங் கோழியிலும் தென் அமெரிக்கக் கோழியிலும் இது தனித்தனியாக நடந்திருக்கிறது.

சேவல் கதைக்கு வருகிறேன். 2024-இல் வேறு ஒரு கால்வழியிலிருந்து புதிய கறுப்புச் சேவல் எடுத்தேன். (பழையதை ரக்கூன் கொண்டுபோயிற்று. கோழிவலை கோழியைத்தான் தடுக்கும், ரக்கூனைத் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை முதலிலேயே அடித்துவிடுங்கள்.) இந்தத் தடவை லட்சணத்தை நம்பவில்லை. இப்போது இதற்கு டிஎன்ஏ சோதனையும் உண்டு, ஆனால் எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். வெள்ளை முட்டையிடும் இரண்டு லெக்ஹார்ன் பெட்டைகளோடு சேவலைத் தனியாக விட்டேன். வெள்ளை முட்டைக்காரியிடம் நீல மரபணு கிடையாது, ஆகவே மகள் நீலமாக இட்டால் அது தகப்பன் கொடுத்தது. சேவலிடம் இரண்டு பிரதியும் இருந்தால் எல்லா மகளும் நீலம். ஒன்றுதான் என்றால் பாதி வெள்ளை. இன்னொரு லாபமும் இருக்கிறது: வெள்ளை அடித்தளத்தில் சேவலின் வழியாக வரும் பழுப்புச் சாயமும் மறையாது, பச்சையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

எட்டு மகள்கள். பிப்ரவரியில் பொரிந்தவை, எட்டுக்கும் பட்டாணிக் கொண்டை. இதுவரை ஏழு இட்டுவிட்டன, ஏழும் வெளிர் நீலம், பச்சைச் சாயல் இல்லை. ஒரே பிரதியுள்ள சேவலுக்கு இப்படி அமைய 128-இல் ஒரு வாய்ப்புதான். மனைவி போதும் விடுங்கள் என்கிறாள். எட்டாவது இன்னும் இடவில்லை. கொண்டை சிவந்துவிட்டது, கிட்டே போனால் குந்துகிறது, நேற்று முட்டைப் பெட்டிக்குள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கியது. இட்டதும் படம் போடுகிறேன்.