ஆபத்தை அறிந்தால் பழக்கம் மாறுமா?

இளவேனில்:
அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948இல் 5,209 பேருடன் தொடங்கிய இதய ஆய்வு, உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் ஆகியவை மாரடைப்பின் ஆபத்தைக் கூட்டுவதைக் காட்டியது. ஆனால், இதை அறிந்ததனால் மட்டும் பழக்கத்தை மாற்றிக்கொண்ட ஊர் எங்கேனும் உண்டா?

கரையோரன்:
அறிந்ததனால் மட்டும் மாறிய ஊர் எனக்குத் தெரியாது. சூழலையும் சேர்த்து மாற்றிய இடம் பின்லாந்தின் வட கரேலியா. பால்பண்ணைகள் மிகுந்த அம்மாகாணத்தில் ரொட்டியில் வெண்ணெயைத் தடிமனாகப் பூசி உண்பதும் ஆண்கள் புகைப்பதும் இயல்பாயிருந்தன. 1972இல் பெக்கா புஸ்கா தலைமையில் தொடங்கிய திட்டம் துண்டறிக்கைகளோடு நிற்காமல், இல்லத்தரசியர் அமைப்பின் வழியாகக் காய்கறிச் சமையலைப் பரப்பியது. இறைச்சி உற்பத்தியாளர்களைக் கொழுப்பைக் குறைக்க இணங்கவைத்தது. கொலஸ்ட்ராலைக் குறைப்பதில் கிராமங்களுக்கிடையே போட்டியும் நடத்தியது (எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்). உழைக்கும் வயது ஆண்களிடையே இதயநோய் இறப்பு, நாற்பது ஆண்டுகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது.

தேன்மலை:
ஒரு திருத்தம். அதே காலத்தில் பின்லாந்தின் பிற பகுதிகளிலும் இறப்பு வெகுவாகக் குறைந்ததால், திட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

கரையோரன்:
ஏற்கிறேன். 1977 முதல் திட்டத்தின் அணுகுமுறை நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டதால், ஒப்பிடுவது பின்னர் இன்னும் கடினமாயிற்று.